கரும்புக்குள் பதினோரு நாள்

மாசி மாதத்து உச்சி வெயிலில், பேண்ட் சட்டை போட்ட ஒருவன் ஆற்றுப் பக்கமிருந்து வரப்பேறி வருவதைப் பார்த்ததும் பாவாயி அவனைச் சர்க்கரை ஆலையின் பீல்டுமேன் என்றே நினைத்தாள். நினைக்காமல் என்ன செய்வாள்? மோகனூர்ப் பக்கம் கரும்பு போட்ட தோட்டத்துக்கு அந்த நேரத்தில் பேண்ட் மாட்டிக்கொண்டு வேறு எவன் வரப் போகிறான்? ஆலையிலிருந்து வெட்டச் சொல்லி ஆர்டர் வந்தால்தான் கரும்பில் கத்தி வைக்க முடியும். பயிர் பூக்கவே தொடங்கிவிட்டது, ஆர்டரைக் காணோம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய வாளியைக் கீழே வைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஏனுங்க, கட்டிங் ஆர்டர் எப்பத்தானுங்க வரும்?" என்று கேட்டாள்.

வந்தவன் நின்றான். தாடிக்குள்ளிருந்து "பாவாயி" என்றான்.

ஐந்தரை வருசமாகக் காணாத புருசனைக் கண்டால் பெண்டாட்டிக்குச் சந்தோசம் பொங்க வேண்டும். பாவாயிக்குப் பயம்தான் முந்திக்கொண்டது. முதலில் ரோட்டைப் பார்த்தாள். பிறகு கிணற்று மேட்டைப் பார்த்தாள். இரண்டிலும் ஆளில்லை என்று தெரிந்ததும் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கரும்புக்குள் தள்ளி, "உக்காருங்க. எந்திரிக்காதீங்க" என்றாள். அவன் என்று தெரிந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

செங்கோடன் ஊரைவிட்டு ஓடியது 1980இல். கரண்ட் கட்டணத்தை எதிர்த்து விவசாயிகள் மறியல் செய்துகொண்டிருந்த காலம். அவர்கள் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்த காத்தானைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மூன்றாம் நாள் பிணமாகத் திருப்பிக் கொடுத்தது. நெஞ்சு வலி என்றார்கள். காத்தானுக்குச் சோறு கொண்டு போன செங்கோடன், டேசன் ஜன்னல் வழியாகத் தன் கண்ணால் பார்த்ததை விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் மறைக்காமல் சொன்னான். சொன்னதுதான் தாமதம், கம்பி திருட்டு, கொலை முயற்சி, டிரான்ஸ்பார்மர் எரிப்பு என்று ஏழு வழக்குகள் அவன் தலையில் வந்து விழுந்தன. அவனையும் காத்தானுக்குத் துணைக்கு அனுப்புவதாக டேசனிலிருந்தே ஆள் விட்டுச் சொன்னார்கள். கல்யாணமாகி அப்போது எட்டு மாதம்.

போர்வெல் ரிக்கு லாரியில் கிளீனராக ஏறி பம்பாய் போய்ச் சேர்ந்தான். வெளிநாட்டு ரிக்கு வேலைக்கென்று முன்பே எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட் கைகொடுத்தது. விமானத்தில் கிழக்கு பெர்லின், அங்கிருந்து ரயிலேறி மேற்கு பெர்லின். அந்த ஊர் அதிகாரிகள் மூன்று வருசம் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, ஊருக்குப் போனால் அவன் உயிருக்கு ஆபத்து என்பதை நம்புகிறோம், இங்கேயே இருந்துகொள் என்று எழுதிக் கொடுத்தார்கள். பெண்டாட்டியை அழைத்துக்கொள்ளவும் மனுப் போட்டிருந்தான். மதராஸில் இருக்கும் அவர்களுடைய ஆபீசிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பாவாயிக்கு அழைப்பு வரலாம். இன்னும் ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருசம்.

அது வரைக்கும் பொறுக்க முடியாமல் வந்து நிற்கிறான் மகராசன். கார்த்திகையில் அவனுடைய ஆத்தா செத்துப்போனாள். கடிதம் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது நாற்பது நாள் முடிந்திருந்தது. அன்று முதல் சோறு இறங்கவில்லையாம், தூக்கம் வரவில்லையாம். இறங்காது, வராது, நியாயம்தான். அதற்காகப் புலி வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடிய தலையைத் திரும்பக் கொண்டுவந்து அதன் வாயிலேயே கொடுப்பார்களா? பாவாயிக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. அவன் தலையில் நரை விழுந்திருப்பதைப் பார்த்ததும் அழுகையும் வந்தது.

தன்னிடம் இருந்த நீல அட்டைப் புத்தகத்தை எடுத்து அவளிடம் காட்டினான். பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக அவர்கள் கொடுத்தது. அதில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டி, இதை வைத்துக்கொண்டு எந்த நாட்டுக்கும் போகலாம், இந்தியாவுக்கு மட்டும் போகக் கூடாது என்று எழுதியிருக்கிறது என்றான். அதனால் நேபாளத்துக்குச் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் காட்மாண்டு வந்து இறங்கி, எல்லையைப் பஸ்ஸில் தாண்டி, ரயில் மாறி மாறிச் சேலம் வந்திருக்கிறான். புத்தகத்தில் முத்திரை விழவில்லை. ஆனால் வந்தது தெரிந்துவிட்டால் போச்சு. ஊரைக் கண்டு பயம் என்றாய், பிறகு எப்படி ஊருக்குப் போய் வந்தாய், அப்படியானால் உனக்குப் பயமில்லை, அங்கேயே போய் இரு என்று புத்தகத்தைப் பிடுங்கிவிடுவார்கள். பிடுங்கிக் கொண்டுவந்து விடுகிற இடம் இந்த டேசன் வாசலாகத்தான் இருக்கும்.

"நானு வந்ததுக்கு ஒரு தடமும் இருக்கக் கூடாது பாவாயி" என்றான்.

பாவாயி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவன் அவளுக்கென்று வாங்கி வந்த கம்பளிச் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுப்பில் போட்டாள். ரயில் டிக்கெட், சோப்பு உறை, வழியில் வாங்கிய இந்திப் பேப்பர் எல்லாம் அதே அடுப்புக்குப் போயின. வீட்டில் அவளையும் மாமனார் சின்னண்ணனையும் தவிர ஆளில்லை. ஆனால் தோட்டத்துக்கு வேலையாட்கள் வருவார்கள், கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க வருவார்கள், மாதம் ஒரு முறை மயில்சாமி ஏட்டு கட்டாயம் வருவார். வழக்கு இன்னும் உயிரோடு இருந்தது. செங்கோடன் எழுதும் கடிதங்கள்கூட டேசன் வழியாகத்தான் வந்தன. பிரித்துப் படித்து ஒட்டிய பசை சில சமயம் காய்ந்தே இருக்காது.

யோசனை சொன்னது சின்னண்ணன். மகனைக் கண்டதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டவர், எழுந்து போய் வேப்பந்தழை ஒடித்து வந்து வாசல் படலில் கட்டினார். கட்டிவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தார். அம்மை வார்த்த வீட்டுக்குள் அந்நியர் கால் வைக்க மாட்டார்கள். வேலையாட்களும் வர மாட்டார்கள், உறவும் வராது. பதினோராம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை கேள்வியில்லை.

போலீசைக் கண்டு பயந்த பாவாயிக்கு இப்போது மாரியாத்தாளைக் கண்டும் பயம் சேர்ந்துகொண்டது. ஆத்தாளின் பெயரைச் சொல்லி வேசம் போடுவது சும்மா போகுமா? விளக்கு வைக்கும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். 'தப்புன்னா என்னைய எடுத்துக்கோ, அவரை விட்டுரு' என்று வேண்டினாள்.

பகலெல்லாம் அவன் கரும்புக்குள் இருந்தான். உள்ளே நாலு தூர் ஒடித்து ஆள் நீட்டிப் படுக்க இடம் செய்துகொண்டான். கரும்பின் காய்ந்த சோகை கையையும் முகத்தையும் கீறியிருந்தது. புல்லுக்கூடைக்குள் சோறு போட்ட தூக்குப் போசியை வைத்துக்கொண்டு பாவாயி புல்லறுக்கப் போவாள். அவன் சாப்பிடும்போது இவள் அரிவாளை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். பேச ஐந்தரை வருசத்துப் பேச்சு இருந்தது. பேசியதென்னவோ மெள்ளப் பேசுங்க, இருமாதீங்க, ஆரோ வாராங்க என்பதுதான். இருட்டினால் சாளை வீட்டுக்குள் வருவான். அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும் அவர்கள் பயத்தை மறந்தார்கள். எட்டு மாதம் மட்டும் சேர்ந்து வாழ்ந்த புருசன் பெண்டாட்டி அப்படி மறந்ததை யார் குற்றம் சொல்வது?

எட்டாம் நாள் மயில்சாமி ஏட்டு வந்தார். வேப்பந்தழையைக் கண்டதும் படலுக்கு வெளியே நின்றுவிட்டார். சைக்கிளைக் கொண்டுபோய்க் கரும்பு ஓரம் சாய்த்து, அந்த நிழலிலேயே உட்கார்ந்து, மோர் கேட்டார். செங்கோடன் படுத்திருந்த இடம் அங்கிருந்து முப்பது அடிகூட இருக்காது. பாவாயி மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு எட்டி நின்றாள். ஆருக்கு அம்மை, எத்தனை நாளாச்சு, கடுதாசி ஏதும் வந்துதா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கரும்புக்குள் சோகை சரசரத்தது. ஏட்டு தலையைத் திருப்பினார்.

"காட்டுப் பன்னிங்க" என்றாள் பாவாயி. "கட்டிங் ஆர்டரும் வர மாட்டீங்குது, பன்னித் தொல்லையும் தாங்க முடியலீங்க."

அவர் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அவர் ரோடு ஏறும்வரை நின்ற பாவாயிக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

பத்தாம் நாள், இத்தனை மாதம் வராத கட்டிங் ஆர்டர் வந்தது. நாளை மறுநாள் வெட்டாட்கள் வருவார்கள் என்று பீல்டுமேன் ரோட்டிலிருந்தே கத்திச் சொல்லிவிட்டுப் போனான். கரும்பு போனால் ஒளிய இடமில்லை. பதினோராம் நாள் விடிவதற்குள் செங்கோடன் வந்த வழியே போனான். அப்பனின் காலைத் தொட்டான். பாவாயியிடம், "ஒரு வருசம். மதராஸ்ல கூப்புடுவாங்க. கேட்டதுக்கெல்லாம் உள்ளதச் சொல்லு, நானு வந்தத மட்டும் சொல்லாத. வாரேன்" என்றான். மறுநாள் ஆத்தூருக்குக் கிழக்கேயிருந்து வந்த வெட்டாட்கள் இறங்கி ஆறு நாளில் காட்டை வெளிச்சமாக்கிவிட்டுப் போனார்கள். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நேபாளம் நன்றாக இருந்தது, சௌக்கியம் என்று எழுதியிருந்தான். பாவாயி அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டது வாந்தியாக வந்தது. மறுநாளும் வந்தது. அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தாள். கம்பளிச் சட்டையை எரித்தாயிற்று, டிக்கெட்டை எரித்தாயிற்று, இதை எங்கே கொண்டுபோய் எரிப்பது?

ஊர் கேட்கும். புருசன் போய் ஆறு வருசம், வயிற்றில் எப்படி என்று கேட்கும். அவர்தான் வந்தார் என்று ஒரு சொல் சொன்னால் அவள் மானம் தப்பும். அவன் புத்தகம் போகும், உயிரும் போகும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. மாமனாரிடம் சொன்னாள். அவர் சேலத்துக்கு அழைத்துப்போனார். ஃபேர்லேண்ட்ஸில் ஒரு லேடி டாக்டரின் வாசலில் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவள் உள்ளே போகவில்லை, வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். சின்னண்ணன் ஏன் என்று கேட்கவில்லை. அவருக்கும் அது பேரன்தானே.

ஆனியில் மதராஸிலிருந்து அழைப்பு வந்தது. மடித்த சேலையை மீறி வயிறு தெரியத் தொடங்கிய நேரம். எண்பதிலிருந்து புருசனைப் பார்க்காதவள் என்று எழுதிய மனுவோடு இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் நிற்க முடியுமா? உடம்பு சரியில்லை என்று எழுதிப் போட்டாள். ஆறு வருசம் காத்திருந்த கடிதத்துக்கு அவள் போட்ட பதில் அவ்வளவுதான்.

ஊர் முதலில் குசுகுசுத்தது, பிறகு வாய்விட்டே பேசியது. தோட்டத்துச் சாளையில் இருப்பது இரண்டே பேர், ஒருத்தி மருமகள், ஒருத்தர் மாமனார். அதற்குமேல் அவர்கள் பேசியதை எழுத எனக்குக் கை வரவில்லை. சின்னண்ணன் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். எல்லாம் தெரிந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் கட்டுத்தரையில் மாட்டோடு மாடாக உட்கார்ந்திருந்தார்.

ஆடி பதினெட்டு கழிந்த மூன்றாம் நாள் ஏட்டு வந்தார். இந்த முறை நிழலில் உட்காரவில்லை. கட்டிலை இழுத்து வாசலில் போடச் சொல்லி உட்கார்ந்து, பேப்பரும் பேனாவும் எடுத்து வைத்தார். அவரும் பரமத்திப் பக்கத்து ஆள். காக்கி போட்டதால் ஊர் வழக்கமெல்லாம் மறந்துபோகுமா? சின்னண்ணனின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மாசியில அம்மைன்னு தழை கட்டியிருந்தீங்க. மூஞ்சியில ஒரு வடு இல்லியே" என்றார்.

"தட்டம்மைங்க" என்றார் சின்னண்ணன். "வடு விழாதுங்க."

"விழாதுதான். தண்ணி ஊத்துனதுக்குக் கோயிலுக்கு எளநீகூட வெக்கலைன்னு பூசாரி சொல்றான். பொறவு ஏனுங்க அந்தப் பதினோரு நாள்ல மட்டும் கரும்புக்குள்ள பன்னி வந்துது?"

பாவாயி முந்தானையை இழுத்து வயிற்றை மூடினாள். ஏட்டு நிதானமாகப் பேசினார். செங்கோடன் வந்து போனான் என்று அவளே சொல்லிவிட்டால் யாரும் அவளைக் குறை சொல்லப் போவதில்லை, புருசனுக்குப் பிள்ளை பெறுவது தப்பா என்றார். மாமனார்மேல் ஊர் சுமத்திய பழியும் தீரும் என்றார். தான் மேலே எழுதுவார், மேலே இருப்பவர்கள் டெல்லிக்கு எழுதுவார்கள், டெல்லி அந்த நாட்டுக்கு எழுதும். உயிருக்குப் பயந்தவன் ஊருக்கு வந்து பிள்ளை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றால் அவர்கள் மறு விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். இவ்வளவையும் அவர் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைக் கண்டுதான் பாவாயி அதிகமாகப் பயந்தாள்.

"அவரு வரலீங்க" என்றாள்.

"அப்ப வயித்துல?"

இந்தக் கேள்விக்கு அவள் இரண்டு மாதமாகப் பதில் தேடி வைத்திருந்தாள். "கரும்பு வெட்ட வந்தாங்கல்லீங்க. அதுல ஒருத்தன். பேரு தெரியாதுங்க. எங்க மாமனுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

ஏட்டு எழுதவில்லை. பேனாவை மூடாமல் அவளையே பார்த்தார். அவர் எதைக் கேட்கப் போகிறார் என்பது வாயைத் திறப்பதற்கு முன்பே சின்னண்ணனுக்குத் தெரிந்துவிட்டது; தலையைக் குனிந்துகொண்டார்.

"அவருன்னா ஆரு? பேரச் சொல்லு அம்மிணி. பேரச் சொல்லி, வரலைன்னு சொல்லு. எழுதிக்கறேன்."

எங்கள் பக்கத்தில் தாலி கட்டியவன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்ல மாட்டாள். ரேசன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவரைச் சொல்லச் சொல்வாள். பாவாயி திருச்செங்கோட்டைக்கூட இத்தனை வருசமும் மலையூர் என்றுதான் சொல்லி வந்தாள். பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பினாள். புருசன் வேண்டாம் என்று தீர்த்துவிட்டு வந்தவள்தான் சொல்லுவாள், அவன் இவன் என்றும் சொல்லுவாள். அதனால் ஏட்டு கேட்டது வெறும் பெயரில்லை. இவனோடு உனக்கு ஒன்றுமில்லை என்றால் சொல்லிக் காட்டு என்கிறார். வாய் வராவிட்டால் அவர் எழுதப்போவது வேறு.

பாவாயி தாலிக்கொடியைப் பிடிக்கப் போன கையைக் கீழே போட்டாள்.

"செங்கோடன் வரல" என்றாள். "ஓடுன நாள்ல இருந்து செங்கோடன் இந்தப் பக்கமே வரல. அவன் செத்தானா இருக்கானான்னு எனக்கென்ன?"

ஏட்டு எழுதினார். இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். போகும்போது மோர் கேட்கவில்லை. அவள் கொடுத்திருந்தாலும் குடித்திருக்க மாட்டார், அப்படி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அந்த வாரமே அவளுடைய அண்ணன் தங்கசாமி வந்து, இனிமேல் பிறந்த வீட்டுப் பக்கம் தலைகாட்ட வேண்டாம் என்று படலுக்கு வெளியே நின்றே சொன்னான்.

புருசனுக்கும் எழுத வேண்டுமே. பிரித்துப் படிக்கப்படும் கடிதத்தில் உண்மையை எழுத முடியாது. வாக்குமூலத்தில் சொன்னதையே எழுதினாள். மாசி மாதம் கரும்பு வெட்டு நடந்தபோது நான் தப்புச் செய்துவிட்டேன், வயிற்றில் பிள்ளை இருக்கிறது, என்னை மறந்துவிடுங்கள் என்று எழுதினாள். மாசி என்பதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினாள். பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிடும், சிரிக்கக்கூடச் சிரிப்பான் என்று நம்பினாள்.

பெண் குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. 'பாவாயி அவர்களுக்கு' என்று தொடங்கியிருந்தது. உன்னை அழைக்கப் போட்ட மனுவை ரத்துச் செய்துவிட்டேன். குழந்தை என்னுடையதல்ல என்று இங்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். இனிக் கடிதம் எழுத வேண்டாம். நீ இப்படிச் செய்வாய் என்று நான் நினைக்கவில்லை.

சின்னண்ணன் வாங்கி இரண்டு தரம் படித்தார். அவர் முகம் தெளிந்தது. "போலீசுக்காரன் படிக்கோணும்னே எழுதியிருக்கான் அம்மிணி. கெட்டிக்காரன். புரிஞ்சுக்கிட்டான்" என்றார்.

"ஆமாங்க மாமா" என்றாள் பாவாயி.

அவர் மாட்டை அவிழ்க்கப் போனதும் மறுபடி பிரித்துப் பார்த்தாள். முதல் மூன்றும் போலீசுக்காக எழுதியது, சரி. கடைசி வரி யாருக்காக? அதுவும் போலீசுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டாள். அவன் மாதத்தை எண்ணிப் பார்த்திருப்பான், எண்ணத் தெரியாதவனா? எண்ணினால் அவன் வந்து போன நாள் வரும். அடுத்த நாள் வெட்டாட்கள் வந்தார்கள். எப்படி எண்ணினாலும் இரண்டுக்கும் சரியாக வரும்படிதான் அவள் அந்தப் பொய்யைக் கட்டியிருந்தாள். அது இல்லை, உங்கள் பிள்ளைதான் என்று ஒரு வரி எழுத வழியில்லை.

ஏட்டின் முன்னால் நின்றபோதுகூட வராத அளவுக்குப் பயம் பாவாயிக்கு அப்போது வந்தது. குழந்தையை எடுத்து மடியில் போட்டு, மூக்கும் கண்ணும் யாரைப் போல இருக்கிறது என்று பார்த்தாள். பன்னிரண்டு நாள் குழந்தையின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.